உரிமம் உண்டு, உரிமை இல்லை

எகிப்தியக் கடற்படையில் 2016-ஆம் ஆண்டு இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் சேர்ந்தன. ஹெலிகாப்டர்களையும் தரையிறங்கும் படகுகளையும் சுமந்து செல்லும் மிஸ்ட்ரால் வகைக் கப்பல்கள் அவை. பிரான்ஸ் அவற்றை ரஷ்யாவுக்காகக் கட்டியது. 2014-இல் ரஷ்யா கிரைமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதால் அந்த விற்பனை ரத்தானது. கரையில் நின்ற கப்பல்களைச் சுமார் 95 கோடி யூரோவுக்கு எகிப்து வாங்கிக்கொண்டது. ஒன்றுக்கு கமால் அப்துல் நாசரின் பெயரும், மற்றொன்றுக்கு அன்வர் சாதாத்தின் பெயரும் சூட்டப்பட்டன.

நாசர், மேற்கத்திய நாடுகளிடமிருந்து விலகி சோவியத் முகாமிடம் ஆயுதம் வாங்கியவர். சாதாத், சோவியத் நிபுணர்களை வெளியேற்றிவிட்டு அமெரிக்காவை நாடியவர். இருவருமே தாங்கள் செய்தது தேச விடுதலையின் ஒரு பகுதி என்றுதான் கூறினர். இன்றைய அதிபர் அப்துல் ஃபத்தா அல் சிசி, ஒரே நாட்டை நம்பியிராமல் பல நாடுகளிடம் ஆயுதம் வாங்குகிறார். அதற்கும் அதே விளக்கம்தான் தரப்படுகிறது. எழுபது ஆண்டுகளில் மூன்று முறை விற்பனையாளரை மாற்றிய ஒரு நாடு, ஒவ்வொரு முறையும் உண்மையில் எதை வாங்கியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் போர்த்திறனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. இதை ஒரு கொடுக்கல் வாங்கலாகவே பார்க்கிறேன்.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவு சிறியதன்று. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி எனப்படும் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2016 முதல் 2020 வரையிலான ஐந்தாண்டுகளில் உலகின் ஆயுத இறக்குமதியில் சவூதி அரேபியா, இந்தியா ஆகிய நாடுகளுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் எகிப்து இருந்தது. அந்த இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 41 சதவீதம். பிரான்ஸின் பங்கு 28 சதவீதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எகிப்தின் முதன்மை விற்பனையாளராக இருந்த அமெரிக்காவின் பங்கு 9 சதவீத அளவுக்குச் சுருங்கியிருந்தது.

பருத்தியும் கடனும்

வெளிநாட்டுக் கருவிகளையும் நிபுணர்களையும் கொண்டு படையை நவீனப்படுத்தும் முயற்சி எகிப்துக்குப் புதிதன்று. 1805-இல் ஆட்சிக்கு வந்த முகமது அலி, பிரெஞ்சு அதிகாரிகளைக் கொண்டு புதிய படையொன்றை உருவாக்கினார். அலெக்சாந்திரியாவில் கப்பல் கட்டும் தளம் எழுந்தது. நீண்ட இழைப் பருத்தியின் ஏற்றுமதி அதற்குப் பணம் தந்தது. 1830-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்டிருந்த அந்தப் படையை, 1841-இல் ஐரோப்பிய வல்லரசுகளின் அழுத்தத்தால் 18,000 பேராகக் குறைக்க வேண்டியதாயிற்று. படையின் தேவையை நம்பியிருந்த ஆலைகளும் அதனுடன் சரிந்தன.

அவருடைய பேரன் இஸ்மாயிலின் காலத்தில் வருவாயின் இடத்தைக் கடன் பிடித்துக்கொண்டது. ரயில் பாதைகள், கால்வாய், அரண்மனைகள், படை என எல்லாமே ஐரோப்பிய வங்கிகளின் பணத்தில் நடந்தன. 1875-இல் சூயஸ் கால்வாயின் எகிப்தியப் பங்குகள் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டன. மறு ஆண்டே நாட்டின் வருவாயைக் கண்காணிக்க ஐரோப்பியக் கடன் ஆணையம் அமைந்தது. சிக்கன நடவடிக்கையில் முதலில் அடிபட்டவர்களில் படை அதிகாரிகளும் இருந்தனர். அதிலிருந்து கிளம்பிய கொந்தளிப்பு உராபி எழுச்சியாக வளர்ந்தது. 1882-இல் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில் முடிந்தது. எகிப்தியர்களின் வரலாற்று நினைவில் கடனும் இறையாண்மையும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருப்பது இதனால்தான்.

முதல் மாற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஆசியாவுக்குச் செல்லும் ஆயுதங்களின் அளவை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்றும் கூடி முடிவு செய்தன. 1950-இல் அவை வெளியிட்ட முத்தரப்புப் பிரகடனம் அதற்கான ஏற்பாடு. 1955 பிப்ரவரியில் காசாவிலிருந்த எகிப்திய முகாம் மீது இஸ்ரேல் நடத்திய தாக்குதல், தன் படையின் பலவீனத்தை நாசருக்கு உணர்த்தியது. மேற்கு நாடுகள் தயங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில், செக்கோஸ்லோவாகியாவிடமிருந்து ஆயுதம் வாங்கப்போவதாக நாசர் அறிவித்தார். அறிவிப்பில் இருந்தது செக் பெயர், ஆயுதங்களோ சோவியத்தினுடையவை. மிக்-15 விமானங்களும் டாங்கிகளும் வந்தன. அவற்றுக்கு எகிப்து கொடுத்தது பெரும்பாலும் பருத்தி.

அந்நியச் செலாவணி இல்லாத நாட்டுக்கு இது கவர்ச்சியான பேரம். ஆனால், பண்டமாற்றின் விளைவாக நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருள் ஒரே முகாமின் சந்தையை நோக்கித் திரும்பியது. படையும் பயிரும் ஒருசேர ஒரே வாடிக்கையாளரிடம் கட்டுண்டன.

இந்தக் கட்டு உறுத்தியதால், சொந்தமாக ஒரு போர் விமானம் செய்யும் முயற்சியும் அப்போதே நடந்தது. கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானில், ஜெர்மானிய வடிவமைப்பாளர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டின் வடிவத்தில் எச்.ஏ.-300 என்ற விமானம் உருவானது. அதற்கான எஞ்சினை ஆஸ்திரியரான ஃபெர்டினாண்ட் பிராண்ட்னரின் குழு வடிவமைத்தது. பெங்களூரில் உருவாகிக்கொண்டிருந்த நமது மாருத் விமானத்துக்கும் வலுவான எஞ்சின் தேவைப்பட்டது. எனவே எஞ்சின் வளர்ச்சியில் இந்தியாவும் பங்கேற்றது. 1964 மார்ச் 7 அன்று எச்.ஏ.-300 முதன்முறையாகப் பறந்தபோது அதை ஓட்டியவர், இந்திய விமானப்படையின் சோதனை விமானி கபில் பார்கவா.

1967 போர்த் தோல்விக்குப் பிறகு பொருளாதாரம் நொறுங்கியது. உடனடியாகக் கிடைக்கக்கூடிய சோவியத் விமானங்கள் இருக்கையில், காத்திருந்து செய்ய வேண்டிய சொந்த விமானத்துக்குப் பணம் ஒதுக்க மனமில்லாமல் 1969-இல் திட்டம் கைவிடப்பட்டது. எச்.ஏ.-300-க்குக் கிடைக்காத எஞ்சின் மாருத்துக்கும் கிடைக்காமல் போனது. வலுக்குறைந்த எஞ்சினோடுதான் மாருத் தன் காலத்தைக் கழித்தது. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது அறிவை உருவாக்கும் செலவுதான். வாங்கிய பொருளுக்கான செலவு தொடர்கிறது. வளரும் நாடுகளின் வரவு செலவுத் திட்டங்களில் திரும்பத் திரும்பக் காணும் போக்கு இது.

நீர் பீய்ச்சியும் உதிரி பாகமும்

1972 ஜூலையில் சாதாத் ஆயிரக்கணக்கான சோவியத் ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றினார். மறு ஆண்டு அக்டோபரில், சோவியத் ஆயுதங்களுடன் எகிப்தியப் படை சூயஸ் கால்வாயைக் கடந்தது. கடப்பதற்குப் பெரும் தடையாக இருந்தது கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த உயரமான மணல் அரண். வெடி வைத்தும் இயந்திரம் கொண்டும் அதைத் தகர்க்க நெடுநேரம் ஆகும்; அதற்குள் எதிர்த்தாக்குதல் வந்துவிடும். பாக்கி சாக்கி யூசுப் என்ற பொறியியல் அதிகாரி ஒரு வழி சொன்னார். அஸ்வான் உயர் அணைப் பணியில் நீரைப் பீய்ச்சி மணலைப் பெயர்த்ததை அவர் அறிந்திருந்தார். அதே முறையை இங்கும் கையாளலாம் என்றார். பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் வாங்கிய நீரேற்றும் பம்புகள் படகுகளில் ஏற்றப்பட்டன. கால்வாய் நீரே மணல் அரணைக் கரைத்தது. சில மணி நேரத்தில் வழிகள் திறந்தன.

அந்தப் பம்பு எந்த நாட்டிலும் யாருக்கும் கிடைக்கும் சாதாரணக் கருவி. அதற்கு விற்பனைத் தடை இல்லை. அரசியல் நிபந்தனையும் இல்லை. அதை ஆயுதமாக்கியது எகிப்தியப் பொறியாளரின் சொந்த அனுபவம். வெளிநாட்டுக் கருவியைக் கொண்டு நவீனமாவது என்பதன் சிறந்த வடிவம் இதுவே என்று கருதுகிறேன். கருவி வெளியிலிருந்து வரலாம்; அதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு உள்நாட்டில் விளைய வேண்டும்.

போருக்குப் பின் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. மாஸ்கோவுடன் உறவு கசந்ததும், எகிப்திடம் இருந்த நூற்றுக்கணக்கான சோவியத் விமானங்களுக்கு உதிரி பாகங்கள் வருவது சுருங்கியது. சாதாத் இந்தியாவை நாடினார். அப்போது நாசிக்கில் மிக்-21 விமானங்களையும், கோராபுட்டில் அவற்றின் எஞ்சின்களையும் நாம் தயாரித்துக்கொண்டிருந்தோம். இந்தியா மாஸ்கோவைக் கேட்டது, மாஸ்கோ மறுத்தது, நாமும் கைவிரித்தோம். சோவியத்துடனான நட்புறவு ஒப்பந்தத்தை 1976 மார்ச்சில் சாதாத் முறித்தபோது, அதற்கான காரணங்களில் ஒன்றாக இதையும் குறிப்பிட்டார். பிறகு சீனா முப்பது மிக் எஞ்சின்களை இலவசமாகவே கொடுத்து உதவியது.

இந்த நிகழ்வை எகிப்தின் அவமானமாக மட்டும் நாம் வாசிக்கக் கூடாது. இந்தியாவின் நிலையும் அதில் வெளிப்பட்டது. நம் மண்ணில், நம் தொழிலாளர்கள் செய்த பாகத்தை நண்பர் ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. நம்மிடம் இருந்தது தயாரிப்பு உரிமம். உரிமை மாஸ்கோவில் இருந்தது.

இரண்டாம் மாற்றம்

1979-இல் இஸ்ரேலுடன் எகிப்து அமைதி உடன்படிக்கை செய்துகொண்டது. அதற்கு விலையாக அரபு நாடுகளின் கூட்டு ஆயுதத் தொழில் முயற்சி சிதறியது. சவூதி அரேபியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றின் பணமும், எகிப்தின் ஆலைகளும் ஆள்பலமும் சேர்ந்து, சுமார் 100 கோடி டாலர் மூலதனத்தில் 1975-இல் தொடங்கிய அரபு தொழில்மயமாக்கல் அமைப்பிலிருந்து மற்ற மூவரும் விலகினர். எகிப்து அதைத் தனியே நடத்த வேண்டியதாயிற்று.

மறுபக்கம் அமெரிக்க உதவி வந்தது. 1987 முதல் ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ மானியம் எகிப்துக்குக் கிடைத்துவருகிறது. மானியம் என்றதும் இனாம் என்று தோன்றும். ஆனால், இந்தப் பணத்தைக் கொண்டு அமெரிக்க நிறுவனங்களின் பொருள்களையும் சேவைகளையும்தான் வாங்க வேண்டும். கட்டுண்ட உதவி என்று பொருளியல் நூல்கள் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பொருள் இலவசம், அதைப் பராமரிக்கும் பழக்கமும் பயிற்சியும் உதிரி பாகங்களும் அதே கடையில்தான் கிடைக்கும்.

1982 முதல் இருநூறுக்கும் மேற்பட்ட எஃப்-16 விமானங்கள் எகிப்துக்கு வந்தன. எண்ணிக்கையில் உலகின் பெரிய எஃப்-16 படைகளுள் அதுவும் ஒன்று. ஆனால், அந்த விமானத்துக்கு உரிய நவீன நெடுந்தொலைவு வான்போர் ஏவுகணையான அம்ராம் எகிப்துக்கு வழங்கப்படவில்லை. முந்தைய தலைமுறை ஸ்பாரோ ஏவுகணையோடு நிற்க வேண்டியிருந்தது. அண்டை நாடுகளைவிட இஸ்ரேலின் படைத்தரம் ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நெடுநாள் கொள்கை. 2008-இல் அது சட்டமாகவும் ஆனது. விமானம் எகிப்துடையது, அது எவ்வளவு தொலைவு தாக்கலாம் என்பதை வாஷிங்டன் முடிவு செய்தது.

டாங்கிகளின் கதையும் இதைப் போன்றதே. 1988 உடன்பாட்டின்படி, கெய்ரோவுக்கு அருகே அபு சாபலில் உள்ள 200-ஆம் எண் ராணுவ ஆலையில் அமெரிக்காவின் எம்1ஏ1 ஆப்ராம்ஸ் டாங்கிகள் பொருத்தப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாங்கிகள் அங்கிருந்து வெளிவந்தன. ஆலை எகிப்தில் இருந்தது. முக்கியப் பாகங்கள் தொகுப்புகளாக அமெரிக்காவிலிருந்து வந்தன. 2013 ஜூலையில் முகமது முர்சியின் ஆட்சியை ராணுவம் அகற்றியது. தொடர்ந்த ஒடுக்குமுறைக்குப் பின், அந்த அக்டோபரில் எஃப்-16 விமானங்கள், அப்பாச்சி ஹெலிகாப்டர்கள், ஹார்பூன் ஏவுகணைகள் ஆகியவற்றுடன் அந்த டாங்கித் தொகுப்புகளையும் ஒபாமா அரசு நிறுத்திவைத்தது. கால் நூற்றாண்டுக் காலம் உள்நாட்டிலேயே தயாரித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பொருளின் உற்பத்தி, ஓர் அயல்நாட்டு அறிவிப்பில் நின்றுபோகும் நிலையில் இருந்தது அன்று வெளிப்பட்டது. 2015 மார்ச்சில் தடை நீங்கியது. ஆனால், எகிப்தியத் தளபதிகள் அதற்குள் வேறு கடைகளின் படியேறியிருந்தனர்.

மூன்றாம் மாற்றம்

2015 பிப்ரவரியில் 24 ரஃபேல் விமானங்கள், ஒரு போர்க்கப்பல், ஏவுகணைகள் ஆகியவற்றை 520 கோடி யூரோவுக்கு வாங்கும் ஒப்பந்தத்தில் எகிப்து கையெழுத்திட்டது. ரஃபேலை வாங்கிய முதல் வெளிநாடு அதுவே. பிறகு, ஜெர்மனியிடமிருந்து நான்கு நீர்மூழ்கிகள், ரஷ்யாவிடமிருந்து மிக்-29 விமானங்கள், கா-52 ஹெலிகாப்டர்கள், எஸ்-300 வகை வான்காப்பு ஏவுகணைகள், இத்தாலியிடமிருந்து இரு போர்க்கப்பல்கள் என்று பட்டியல் நீண்டது. 2021-இல் மேலும் 30 ரஃபேல்களுக்கு ஒப்பந்தமானது.

ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருப்பவன் பலரிடம் வாங்கத் தொடங்கினால் அவனுடைய பேரம் பேசும் ஆற்றல் உயரும் என்பது பாடநூல் விதி. அது இங்கும் ஓரளவு மெய்யானது. 2016-இல் கெய்ரோவில் இத்தாலிய ஆய்வு மாணவர் ஜூலியோ ரெஜெனி சித்திரவதை செய்து கொல்லப்பட்டதால் இரு நாட்டு உறவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஆயினும், இத்தாலியப் போர்க்கப்பல்கள் எகிப்துக்கு வந்தன. மனித உரிமைக் குறைபாடுகளுக்காக ஆயுத விற்பனைக்கு நிபந்தனை விதிக்கப்போவதில்லை என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 2020 டிசம்பரில் வெளிப்படையாகவே கூறினார். பெரிய வாடிக்கையாளரைக் கடைக்காரர் கடிந்துகொள்வதில்லை. ஆட்சியாளர்களின் நோக்கில் பார்த்தால், ஆயுதக் கொள்முதல் ஓர் அரசியல் காப்பீடு. அதன் சந்தாவைக் கட்டுபவர்கள்தாம் வேறு.

ஆனால், கடைகள் பெருகியதால் சாவிகள் எகிப்தின் கைக்கு வந்துவிடவில்லை. ரஃபேலில் பொருத்தும் ஸ்கால்ப் ஏவுகணையில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு பாகம் இருந்தது. அமெரிக்க ஏற்றுமதி விதிகள் குறுக்கிட்டதால், பிரான்ஸிடமிருந்து அந்த ஏவுகணையைப் பெறுவது 2018-இல் தடைப்பட்டது. அதே ஆண்டில் ரஷ்யாவின் சு-35 விமானங்களை வாங்க எகிப்து உடன்பட்டது. 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி பொருளாதாரத் தடை விதிக்க நேரும் என அமெரிக்கா எச்சரித்தது. அந்த விமானங்கள் எகிப்துக்கு வந்து சேரவில்லை. இன்றைய ஆயுதம் ஒவ்வொன்றும் பல நாடுகளின் பாகங்களால் ஆனது. அந்தந்த நாட்டின் அனுமதிச் சட்டமும் அதனுடனேயே பயணிக்கிறது.

கணக்கில் வராத செலவுகள்

பன்முகக் கொள்முதலின் செலவு வாங்கும் விலையோடு முடிவதில்லை. எகிப்திய விமானப்படையில் இன்று அமெரிக்க எஃப்-16, பிரெஞ்சு மிராஜ்-2000, ரஃபேல், ரஷ்ய மிக்-29 ஆகியவை அருகருகே நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனி உதிரி பாகக் கிடங்கு, தனி ஏவுகணை இருப்பு, தனிப் பழுதுபார்ப்புக் குழு வேண்டும். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவாது. ஒன்றின் ராடார் கண்டதை மற்றொன்றின் திரையில் காட்டுவதே பெரும் பொறியியல் வேலை. ஒரே வகையில் நூறு விமானம் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் சிக்கனம், நான்கு வகையில் இருபத்தைந்து வைத்திருப்பவருக்குக் கிடைக்காது. போர் விமானம் ஒன்றின் வாழ்நாள் முழுவதும் ஆகும் பராமரிப்புச் செலவு, அதன் விலையை எளிதில் மிஞ்சக்கூடியது.

அடுத்தது கடன். அமெரிக்க ஆயுதங்கள் பெரும்பாலும் மானியத்தில் வந்தவை. பிரெஞ்சு ஆயுதங்களில் பெரும்பகுதி கடனில் வந்தவை. 2021 ரஃபேல் ஒப்பந்தத்துக்குக் குறைந்தது பத்தாண்டுக் காலக் கடன் என்று எகிப்தியப் பாதுகாப்பு அமைச்சகமே தெரிவித்தது. அப்போது ஒரு டாலருக்கு 16-க்கும் குறைவான எகிப்திய பவுண்டு தேவைப்பட்டது. 2024 மார்ச்சில் அது 50-ஐ நெருங்கியது. அயல் நாணயத்தில் தவணை மாறவில்லை; அதைக் கட்ட வேண்டிய உள்நாட்டு வரிப்பணமோ மூன்று மடங்காகிவிட்டது. ஆயுதம் ஏற்றுமதி செய்து டாலர் ஈட்டித் தருவதில்லை. தன் கடனைத் தானே அடைக்கும் வழி இல்லாத முதலீடு இது.

எகிப்தின் நெருக்கடிக்கு ஆயுதக் கடன் மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. புதிய தலைநகரம் போன்ற பெருந்திட்டங்கள், கொரோனா, உக்ரைன் போரால் ஏறிய கோதுமை விலை, செங்கடல் தாக்குதல்களால் சரிந்த சூயஸ் வருவாய் என்று பலவும் சேர்ந்தே அதை உருவாக்கின. 2016-இல் ஐ.எம்.எஃப். எனப்படும் சர்வதேச நிதியம் 1,200 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்ட 300 கோடி டாலர் கடன் 2024-இல் 800 கோடி டாலராக விரிந்தது. ஒவ்வொரு கடனுடனும் மானியக் குறைப்பு வந்தது. 2024 ஜூன் 1 முதல், மானிய விலை ரொட்டி ஒன்று 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டர் ஆனது. முப்பதாண்டுகளுக்கு மேல் எந்த ஆட்சியாளரும் தொடத் துணியாத விலை அது. மானிய விலைகளைக் குறைக்க முயன்ற சாதாத் அரசு, 1977 ஜனவரியில் தெருக்களில் வெடித்த கலவரத்தைக் கண்டு இரண்டே நாள்களில் பின்வாங்கியது. இம்முறை பின்வாங்கல் இல்லை.

ஒரு பவுண்டுக்கு இருபது ரொட்டி வாங்கிய குடும்பம் இப்போது ஐந்து வாங்குகிறது. அந்தக் குடும்பத்துக்கு ரஃபேல் தேவையா என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. எகிப்தின் 2014 அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆவது பிரிவின்படி, படைகளின் செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஒற்றை எண்ணாக மட்டுமே இடம்பெறும். எந்த விமானம், எந்தக் கடன், என்ன வட்டி என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் நடைபெற வழியில்லை. விலையை மறைத்தால் தேர்வும் மறைந்துவிடுகிறது.

எந்த அச்சுறுத்தலுக்கு எந்த ஆயுதம்?

எகிப்துக்குப் படை தேவையில்லை என்று சொல்ல முடியாது. மேற்கே சிதறுண்ட லிபியா. தெற்கே போரில் எரியும் சூடான். நைல் நீரின் மீது எத்தியோப்பியாவுடன் தீராத பிணக்கு. மத்தியதரைக் கடலில் 2015-இல் கண்டறிந்த சோர் எரிவாயு வயல். கடலில் வலுவான படை வேண்டும் என்பதற்கு இவை நியாயமான காரணங்கள்.

ஆனால், கடந்த பத்தாண்டுகளில் எகிப்திய வீரர்களையும் பொதுமக்களையும் மிகுதியாகக் கொன்றது வடக்கு சினாயின் கிளர்ச்சி. 2017 நவம்பரில் ரவுதா பள்ளிவாசலில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். சாலையோரக் கண்ணிவெடிக்கு எதிராகப் பயன்பட்டவை கவச ஊர்திகள். அவற்றில் எழுநூறுக்கும் மேற்பட்டவற்றை, தன் உபரி இருப்பிலிருந்து அமெரிக்கா கொடுத்தது. அடுத்து, ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது, 2023-இல் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய சூயஸ் கால்வாய் வருவாய், 2024-இல் பாதிக்கும் கீழே சென்றது. புதிதாகச் சேர்த்த கப்பல்களும் நீர்மூழ்கிகளும் இருந்தும், அந்த இழப்பைப் படைபலத்தால் தடுக்கும் வழி கெய்ரோவுக்கு இல்லை. அச்சுறுத்தலைக் கணக்கிட்டு ஆயுதம் வாங்குவது ஒரு முறை. உறவையும் பெருமையையும் கணக்கிட்டு வாங்குவது இன்னொரு முறை. எகிப்தின் பட்டியலில் இரண்டாவதின் சாயல் மிகுதி.

அதே உரிமம், வேறு விளைவு

வெளிநாட்டுக் கருவியில் தொடங்கும் நாடுகள் எல்லாமே இப்படித்தான் முடியுமா? இல்லை என்பதற்குத் துருக்கி சான்று. 1974 சைப்ரஸ் படையெடுப்புக்குப் பிறகு அமெரிக்கா அந்நாட்டின் மீது ஆயுதத் தடை விதித்தது. 1975-இலேயே துருக்கி ராணுவ மின்னணுவியலுக்கென அசெல்சான் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னர் எஃப்-16 விமானங்களை உரிமத்தில் தயாரித்தது. 1990-களில் எகிப்து பெற்ற எஃப்-16-களில் 46 விமானங்கள் துருக்கியில் செய்யப்பட்டவை. 2024-இல் எகிப்துக்கு ஆளில்லா விமானங்கள் வழங்க உடன்பட்டிருப்பதாகத் துருக்கி வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஒரே தலைமுறையில் தொடங்கிய இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர் விற்பனையாளராகிவிட்டார்.

தென் கொரியா இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் கே-9 பீரங்கி ஜெர்மானிய எஞ்சினில் ஓடியது. ஜெர்மனியின் ஏற்றுமதி அனுமதியை நம்பியிருக்க வேண்டாம் என்று, சொந்த எஞ்சினை உருவாக்கி எகிப்துக்கான பீரங்கிகளில் பொருத்துகிறது. 2022-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 2 லட்சம் கோடி வோன். அவற்றில் ஒரு பகுதி, டாங்கிகள் பொருத்தப்பட்ட அதே 200-ஆம் எண் ஆலையில் தயாராக வேண்டும். இதே கே-9, குஜராத்தின் ஹசீராவில் வஜ்ரா என்ற பெயரில் நம் படைக்கும் தயாராகிறது.

எகிப்தின் வேறுபாடு எங்கே இருக்கிறது? அங்கும் ஆலைகள் உண்டு. திறமையான தொழிலாளர் உண்டு. சீனாவின் கே-8 பயிற்சி விமானங்கள் 120 ஹெல்வானில் தயாராயின. பிரெஞ்சு வடிவத்தில் கட்டிய கோவிந்த் வகைப் போர்க்கப்பல்கள் நான்கில் மூன்று அலெக்சாந்திரியாவிலேயே உருவாயின. ஆனால், ராணுவ உற்பத்தி அமைச்சகத்தின் ஆலைகள் குளிர்பதனப் பெட்டியும் சமையல் அடுப்பும்கூடச் செய்கின்றன. போட்டியற்ற, தணிக்கைக்கு எளிதில் உட்படாத வணிக வருவாய் அவற்றுக்கு இருக்கிறது. கடினமான பொறியியலில் பல்லாண்டு காத்திருக்கும் தேவை அவற்றுக்கு எழுவதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த நாட்டின் அடுத்த தொகுப்பு வருகிறது, கற்றது தொடர்வதில்லை. நான்கு நாடுகளின் நான்கு தொழில்நுட்பங்களைச் சிறிது சிறிதாகக் கற்பவர் எதிலும் ஆசானாவதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

வெளிநாட்டு ஆயுதம் வாங்கும் எந்த ஒப்பந்தத்தையும் மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். விற்றவர் நாளை மறுத்தால், இந்தக் கருவி எத்தனை மாதம் இயங்கும்? பத்தாண்டு கழித்து, இதில் எந்தப் பாகத்தை நாமே வடிவமைக்கும் திறன் பெற்றிருப்போம்? இதன் முழு விலையையும் கடனையும் மக்கள் மன்றத்தில் வைத்துப் பேச முடியுமா? எகிப்தின் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை தருவதில்லை.

இந்தியாவின் நிலை எகிப்தைவிட மேலானதுதான். நம் பாதுகாப்புச் செலவை நாடாளுமன்றம் விவாதிக்கிறது. கணக்குத் தணிக்கையாளர் ஆராய்கிறார். ஏவுகணைகளையும் போர்க்கப்பல்களையும் நாமே வடிவமைக்கிறோம். ஆனாலும், தேஜஸ் விமானத்துக்கென 2021-இல் 99 அமெரிக்க எஞ்சின்களுக்கு ஆணை கொடுத்துவிட்டு, முதல் எஞ்சினுக்காக 2025 மார்ச் வரை காத்திருந்தோம். ஹெல்வானில் 1969-இல் கைநழுவிய அதே எஞ்சின் கேள்வி, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பெங்களூரில் விடையின்றி நிற்கிறது.

உள்நாட்டில் தயாரிப்பு என்ற அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம், 1976-இல் நாசிக்கிலும் கோராபுட்டிலும் இருந்த பாகங்களை நினைத்துக்கொள்வது நல்லது. அவற்றைச் செய்யத் தெரிந்திருந்தோம், கொடுக்க முடியவில்லை. ஆலை எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதன் வரைபடத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். எஞ்சின் ஆய்வுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறோம், நெருக்கடி ஆண்டிலும் அதை வெட்டாமல் காக்கிறோமா என்பதே அதற்கான விடையைத் தரும்.